கொடை மேளம் கேட்ட காதுக்குக் கணினி இசை: முதல் ஒலியிலிருந்து மேடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைச் சீமையில் கணினி வழியாக மின்னணு இசை அமைக்க விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் எந்த மென்பொருளை வாங்குவது என்பதையே முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இந்த வழிகாட்டியில் விடை உண்டு. ஆயினும் அதைவிட முக்கியமானது காது. சித்திரையிலும் ஆடியிலும் நடக்கும் கொடை என்னும் கோயில் விழாக்களில் நையாண்டி மேளத்தையும் வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் விடிய விடியக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, பல கருவிகள் ஒன்றோடொன்று பின்னி ஒலிக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்துப் பிரித்துக் கேட்கும் பழக்கம் ஓரளவு தானாகவே அமைந்திருக்கிறது. மின்னணு இசைக்கு வேண்டிய அடிப்படைத் திறன் அதுதான். அதை அடித்தளமாகக் கொண்டு, மென்பொருளின் ஒவ்வொரு பகுதியையும் தெரிந்த ஓர் ஒலியோடு இணைத்துக் கற்றால், அயலூர்ப் பாடக் காணொளிகளை மட்டும் பார்த்துக் கற்பதைவிட விரைவாகவும் ஆழமாகவும் முன்னேறலாம் என்பது என் உறுதியான கருத்து.

கருவிகள்: குறைவாகத் தொடங்குங்கள்

எட்டு ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் கொண்ட ஒரு மடிக்கணினி தொடக்கத்துக்குப் போதும்; பதினாறு ஜிபி இருந்தால் வசதி. அடுத்ததாகக் காதை முழுவதும் மூடும் கம்பியுள்ள ஹெட்போன் ஒன்று வேண்டும். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வந்து சேர்வதால், விசையை அழுத்தி வாசித்துப் பழக அது உதவாது. இருபத்தைந்து கட்டைகள் கொண்ட சிறிய மிடி கீபோர்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கணினியின் விசைப்பலகையையே பெரும்பாலான மென்பொருள்கள் இசைக் கட்டைகளாக ஏற்றுக்கொள்ளும். குரலையோ கருவியையோ மைக் வழியாகப் பதிவு செய்யும் கட்டம் வரும்போது மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிக்கொள்ளலாம்.

மிடி என்ற சொல் இனி அடிக்கடி வரும். 1983ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில் கம்பிவழிச் செல்வது ஒலி அல்ல. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்ற கட்டளைகள் மட்டுமே செல்கின்றன. சுரங்களுக்கும் அழுத்தத்துக்கும் 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. ஒரு முறை வாசித்த அடிகளைப் பின்னர் வேறு எந்தக் கருவியின் ஒலியாகவும் மாற்றிக்கொள்ள முடிவது இதனால்தான்.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

நான்கு பெயர்களை மட்டும் சொல்கிறேன். பெர்லினில் உருவாகி 2001இல் வெளிவந்த ஏபில்டன் லைவ், மேடையில் வாசிப்பதை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. பல மிடி கருவிகளுடன் அதன் லைட் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பெல்ஜியத்திலிருந்து வரும் எஃப்எல் ஸ்டுடியோவில் தாளக் கட்டங்களை நிரப்புவது மிக எளிது. ஒரு முறை வாங்கினால் பிற்காலப் பதிப்புகளுக்குத் தனியாகப் பணம் செலுத்த வேண்டியதில்லை. அதன் சோதனைப் பதிப்பில் சேமித்த கோப்பை, உரிமம் வாங்கும் வரை மீண்டும் திறக்க முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். ரீப்பர் மென்பொருளை அறுபது நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம். பழைய கணினியிலும் தடையின்றி ஓடும். பதிவு வேலைக்கு அது மிகச் சிறந்தது, மேடைக்கு அவ்வளவு பொருந்தாது. எல்எம்எம்எஸ் முற்றிலும் இலவசம். தாளமும் மெட்டும் அமைக்கப் போதுமானது, எனினும் குரல் பதிவுக்கு அதை நம்ப முடியாது.

மேடையேறுவதே நோக்கம் என்றால் ஏபில்டன் லைவ் என்பது என் பரிந்துரை. பணம் செலவிட இப்போது வழியில்லை என்றால் எல்எம்எம்எஸ்ஸில் தொடங்குங்கள். கற்றது எதுவும் வீணாகாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஓராண்டு அதிலேயே இருங்கள். திருட்டுப் பதிப்புகளை இறக்கிப் பயன்படுத்துவது சட்டத்துக்குப் புறம்பானது. அவற்றோடு வரும் கிருமிகள் உங்கள் கோப்புகளையெல்லாம் அழித்துவிடவும் கூடும். இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கும் வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸ்ட் (Dexed) ஆகிய மூன்று சிந்தசைசர்களை, அதாவது ஒலியைச் செயற்கையாக உருவாக்கும் மென்பொருள் கருவிகளை, நிறுவிக்கொண்டால், ஒலிக்கான தேவை பல ஆண்டுகளுக்குத் தீர்ந்துவிடும்.

தாமதத்தைச் சரிசெய்தல்

நிறுவியவுடன் ஆடியோ அமைப்புப் பக்கத்துக்குச் செல்லுங்கள். விண்டோஸ் கணினியில், விசையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலுள்ள தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் இலவசமான ஆசியோ ஃபார் ஆல் என்பதை நிறுவலாம். மாதிரி வீதத்தை (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்து, பஃபர் அளவை (கணினி ஒரே முறையில் சேர்த்து வைக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை) 256 என்று வையுங்கள். 256ஐ 48,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.3 மில்லிவிநாடி கிடைக்கும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிவிநாடி ஆகிறது என்பதால், இந்தத் தாமதம் தவிலுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். உள்ளே வருவதும் வெளியே போவதும் சேர்ந்து இன்னும் சற்றுக் கூடினாலும், வாசிப்பவருக்கு அது இடையூறாக இராது. ஒலி வெடித்து வெடித்துக் கேட்டால் பஃபரை 512 ஆக்குங்கள். வாசித்து முடித்து, எல்லா ஒலிகளையும் அளவாகச் சேர்க்கும் கலவை வேலையின்போது அதை 1,024 வரை கூட்டினாலும் குறையில்லை.

தாளத்தைக் கட்டத்தில் எழுதுதல்

இந்தப் பகுதியில் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான பாடங்கள், ஒரு துடிப்பை நான்காகப் பிரித்து நாலு துடிப்புக்கும் கிக் எனும் ஆழ்ந்த டிரம் அடியை வைக்கச் சொல்லித் தொடங்குகின்றன. அது நம் சதுஸ்ர நடை, கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நம் ஊர் மேளங்களின் துள்ளலில் பெரும்பகுதி துடிப்பை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில்தான் பிறக்கிறது. மென்பொருளின் கட்ட அமைப்பை டிரிப்லெட் என்று மாற்றினால், நாலு துடிப்பு கொண்ட ஒரு சுற்றில் பதினாறு கட்டங்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு கட்டங்கள் கிடைக்கும்.

கணியான் கூத்தில் மந்தம், உச்சம் என இரண்டு மகுடங்கள் என்னும் தோல் கருவிகள் ஒலிக்கின்றன. ஒன்று தாழ்ந்த குரல், மற்றது உயர்ந்த குரல். தோலைத் தீயில் வாட்டிச் சுருதியை ஏற்றி, அந்த இரண்டு குரலுக்கும் உள்ள இடைவெளியைக் கலைஞர்கள் பேணுகிறார்கள். தாளப் பயிற்சிக்கு அந்த அமைப்பையே முன்மாதிரியாகக் கொள்ளுங்கள். இரண்டே ஒலிகளை எடுத்து, தாழ்ந்த ஒலியை 1, 4, 7, 10 ஆகிய கட்டங்களிலும் உயர்ந்த ஒலியை 3, 6, 9, 12 ஆகிய கட்டங்களிலும் வையுங்கள். ஓடவிட்டுக் கேளுங்கள். பிறகு பத்தாம் கட்டத்துத் தாழ்ந்த அடியை மட்டும் பதினொன்றாம் கட்டத்துக்கு நகர்த்துங்கள். ஓர் அடி ஒரு கட்டம் நகர்ந்ததில் முழுச் சுற்றின் சாய்வும் மாறிவிடுவது தெரியும். இந்தப் பயிற்சி எந்த மேளத்தின் அடியையும் அப்படியே படியெடுப்பது அல்ல. இரண்டு குரல்கள் பேசிக்கொள்ளும் விதத்தைக் கையால் உணர்வதற்காகவே.

அடுத்து அழுத்தம். எல்லா அடிகளும் 100 என்ற ஒரே அழுத்தத்தில் இருந்தால் அது கைக்கடிகாரத்தின் ஓசையாகிவிடும். தொடக்க அடிக்கு 115, இடையடிகளுக்கு 60 முதல் 80 வரை, முடிவை அறிவிக்கும் அடிக்கு 100 என்று வைத்துப் பாருங்கள். விரலால் வாசித்துப் பதிவு செய்ததைக் குவான்டைஸ் வசதியால் கட்டத்தோடு ஒட்டும்போது நூறு சதவீதம் ஒட்டாமல் அறுபது, எழுபது சதவீதத்தில் நிறுத்தினால், வாசித்தவரின் கை அந்த இசையில் மிஞ்சியிருக்கும்.

ஐந்தெண்ணிக்கைக் கண்ட சாபும் ஏழெண்ணிக்கை மிஸ்ர சாபும் மென்பொருளுக்குப் புதியவை அல்ல. சுற்றளவை 5/8, 7/8 என்று மாற்றினால் போதும். இதைவிடச் சுவையான வழி ஒன்று உண்டு. கிக் அடியை நாலு துடிப்புச் சுற்றிலேயே விட்டுவிட்டு, அதன்மேல் ஏழு துடிப்பு நீளமுள்ள ஒரு கிளிப்பை (சுழன்று ஓடும் சிறு இசைத் துண்டு) ஓடவிடுங்கள். இரண்டும் இருபத்தெட்டுத் துடிப்புக்கு ஒரு முறைதான் தொடக்கத்தில் சந்திக்கும். ஆடுபவர்களின் கால் கிக்கைப் பிடித்துக்கொள்ள, மேலேயுள்ள ஓசை ஒவ்வொரு சுற்றிலும் வேறிடத்தில் விழுந்துகொண்டே இருக்கும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடன அரங்க இசை நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் 120லேயே நிற்கும். கொடையிலோ சாமியாட்டம் நெருங்க நெருங்க மேளம் முடுகும். மென்பொருளில் வேகத்துக்கும் ஆட்டோமேஷன் கோடு, அதாவது நேரத்துக்கேற்ப அளவை மாற்றும் கோடு, வரைய முடியும். எட்டுச் சுற்றில் 112லிருந்து 126க்கு ஏற்றிப் பாருங்கள். ஓர் எச்சரிக்கையை இங்கே முழு மனத்தோடு வைக்கிறேன்: சாமி அழைக்கும் அடிகளை அப்படியே எடுத்து நடன மேடைக்குக் கொண்டு செல்வதற்கு முன், அந்த ஊர்க் கலைஞர்களிடமும் பெரியவர்களிடமும் கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒலியை உருவாக்குதல்

ஆயத்த ஒலிகளைத் தேடி அலைவதில் பல மாதங்கள் கழிந்துவிடும். அதற்கு மாற்றாக, காதுக்கு நன்கு தெரிந்த மூன்று ஒலிகளைச் சிந்தசைசரில் நீங்களே உருவாக்கிப் பாருங்கள். இந்த மூன்றிலும் சிந்தசைசரின் பெரும்பாலான பொத்தான்களைத் தொட்டுவிடுவீர்கள்.

முதலாவது வில்லுப்பாட்டின் குடம். குடத்தின் வாயில் தட்டும்போது உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து, ஆழமான ஒற்றை ஓசையைத் தருகிறது. வைட்டலில் சைன் அலையைத் தேர்ந்தெடுங்கள். அடிப்படை அதிர்வைத் தவிர வேறொன்றும் இல்லாத அலை அது. ஒலியளவின் ஏற்ற இறக்கத்தை வரையும் என்வலப்பில் அட்டாக் (எழும் நேரம்) சுழியம், டிகே (அடங்கும் நேரம்) ஏறக்குறைய 350 மில்லிவிநாடி, சஸ்டெய்ன் (நிலைத்து நிற்கும் அளவு) சுழியம் என்று வையுங்கள். இரண்டாவது என்வலப்பைச் சுருதியோடு இணைத்து, ஒலி ஒரு ஸ்தாயி மேலிருந்து தொடங்கி நாற்பது மில்லிவிநாடிக்குள் எழுபது ஹெர்ட்ஸுக்கு இறங்கும்படி செய்யுங்கள். இறுதியாக, அடி விழும் ஓசைக்காகப் பதினைந்து மில்லிவிநாடி நீளமுள்ள இரைச்சலைக் கொஞ்சம் சேருங்கள். இப்போது உங்களிடம் இருப்பது குடம் மட்டுமல்ல, ஒரு நல்ல கிக் டிரம்மும்கூட. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 கருவியின் புகழ்பெற்ற கிக்கும், மங்கிக்கொண்டே போகும் சைன் போன்ற அலையை அடிப்படையாகக் கொண்டதே.

இரண்டாவது உறுமி. வளைந்த குச்சியைத் தோலின்மேல் அழுத்தித் தேய்க்கும்போது, குச்சி ஒட்டியும் விலகியும் செல்வதால் அந்த முனகல் எழுகிறது. சிந்தசைசரில் ரம்ப அலையை எடுங்கள். அதில் எல்லா மடங்கு அதிர்வுகளும் உண்டு. லோ-பாஸ் ஃபில்டரால் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே தணியுங்கள். ஒற்றைக் குரல் முறையும் லெகாட்டோவும் (சுரங்களை இடைவெளியின்றித் தொடுத்தல்) போட்டு, கிளைடு நேரத்தை (ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழையும் நேரம்) 150 மில்லிவிநாடி ஆக்குங்கள். ஒரு தாழ்ந்த ச அழுத்தி, அதை விடாமல் மேலே ப அழுத்தினால் ஒலி இழைந்து ஏறும். உராய்வின் சொரசொரப்புக்காக, விநாடிக்கு இருபத்தைந்து முறை அசையும் எல்எஃப்ஓ என்ற மெதுவான அலை ஒன்றை ஒலியளவில் சிறிது மட்டும் இணையுங்கள். நடன இசையின் பேஸ் எனும் தாழ்சுர வரியாக இந்த ஒலி அருமையாக நிற்கும்.

மூன்றாவது வில்லில் தொங்கும் மணிகள். உலோக ஓசையில் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று முழு எண் மடங்காக அமைவதில்லை; அதனால் சாதாரண அலைகளைக் கூட்டி அதை எட்டுவது கடினம். ஓர் அலையால் மற்றோர் அலையின் அதிர்வை வேகமாக அசைக்கும் எஃப்எம் முறையில் அது எளிதாக வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்து 1973இல் கட்டுரையாக வெளியிட்ட இந்த முறையை, யமஹா 1983இல் டிஎக்ஸ்7 கருவியாக உலகெங்கும் கொண்டு சென்றது. அக்கருவியைப் பின்பற்றி எழுதப்பட்ட டெக்ஸ்டில், ஒலிக்கும் அலையின் விகிதத்தை 1 என்றும் அசைக்கும் அலையின் விகிதத்தை 1.41 என்றும் வையுங்கள். மெதுவாக அடங்கும் என்வலப்பைக் கொடுத்தால் மணி ஒலிக்கும். விகிதத்தை 2 ஆக்கினால் மணித்தன்மை மறைந்து, சுருதி தெளிவான கருவி ஓசையாகிவிடுவதையும் கவனியுங்கள்.

வெளியே சென்று பதிவு செய்தல்

கைப்பேசியே போதும். பதிவுச் செயலியில் வேவ் வடிவத்தையும் 48,000 ஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுத்து, தானியங்கி ஒலிச்சமன் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மிக உரத்த கணத்திலும் அளவி உச்சத்தைத் தொடாதபடி தள்ளி நில்லுங்கள். குற்றால அருவியின் இரைச்சல், சிந்தசைசரின் வெள்ளை இரைச்சலுக்கு நிகராக எல்லா அதிர்வுகளையும் உட்கொண்டது. அதிலிருந்து ஐம்பது மில்லிவிநாடித் துண்டை வெட்டி, ஏழாயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கினால் ஹை-ஹாட் என்னும் டிரம் தாளத் தட்டின் ஒலி கிடைக்கும். தாமிரபரணிப் படித்துறையில் துணி துவைக்கும் அடி, பத்தமடையில் பாய் நெய்யும் அச்சின் ஓசை, அல்வா கிண்டும் இரும்புச் சட்டியில் துடுப்பு உரசும் ஓசை, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் விசிறல் என்று அள்ள அள்ளக் குறையாத களஞ்சியம் நம்மைச் சுற்றி இருக்கிறது. வெட்டிய துண்டின் இரு முனைகளிலும் இரண்டு மில்லிவிநாடி ஃபேடு (ஒலியளவின் படிப்படியான ஏற்ற இறக்கம்) கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கிளிக் என்ற ஓசை கேட்கும்.

நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களைத் தட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை பலருக்கு வரும். தட்டாதீர்கள். நூற்றாண்டுகள் கடந்த கல் அது. தட்டத் தட்டத் தேயும். அந்தத் தூண்களைப் போன்ற ஒலி வேண்டுமென்றால் மேலே சொன்ன எஃப்எம் முறையில் விகிதங்களை மாற்றித் தேடுங்கள்.

வில்லுப்பாட்டுக் கலைஞரையோ மகுடக் கலைஞரையோ பதிவு செய்வதாக இருந்தால், எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்பதை முன்னதாகச் சொல்லி, ஊதியம் பேசி, எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ளதுபோல நிகழ்த்துபவருக்கும் உரிமை உண்டு. திரைப்பாடல்களிலிருந்து துண்டு வெட்டிப் பயன்படுத்துவதும் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் கூடாது.

மெட்டு அமைத்தல்

ஆறு கார்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் தொகுப்புகள்) மனப்பாடம் செய்துகொண்டு தொடங்குவதைவிட, ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு ஓர் இராகத்துக்குள் நடந்து பழகுவது நம் காதுக்கு இயல்பானது. ஒரு கட்டைச் சுருதி என்றால் சி. இரண்டு கட்டை என்றால் டி. ஒரு கட்டையில் மோகனத்தை எடுத்துக்கொண்டால் சி, டி, இ, ஜி, ஏ என்ற ஐந்து விசைகளே வேண்டும். சவும் பவும் இழையும் ஒலியை அடியில் நிறுத்தி, அதன்மேல் எட்டுத் துடிப்பு நீளமுள்ள ஒரு சிறு சொற்றொடரை வாசியுங்கள். விசையிலிருந்து விசைக்குத் தாவினால் மோகனத்தின் உயிர் வராது. பிட்ச் பெண்டு சக்கரத்தின் வீச்சைச் சிந்தசைசரில் இரண்டு அரைச்சுரத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திக்கொண்டால் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தில் கேட்கும் நீண்ட இழைவுகளைப் போன்றவற்றை முயன்று பார்க்கலாம். பழைய பதிவுகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, சுரம் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்று கேட்டு, அந்த வளைவை மிடி கோடாக வரைவது மிகச் சிறந்த பயிற்சி.

இராகமும் மின்னணுத் தாளமும் ஒன்றாக நிற்குமா என்ற ஐயம் தேவையற்றது. 1982லேயே மும்பையைச் சேர்ந்த சரண்ஜித் சிங் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகியவற்றைக் கொண்டு ஹிந்துஸ்தானி இராகங்களை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்.

முழுப் பாடலாக்குதல்

எட்டுச் சுற்று நன்றாக இருக்கிறது, அதற்குமேல் நகரவில்லை என்பதே தொடக்கநிலையினர் பலரின் குறை. 120 வேகத்தில் எட்டுச் சுற்று பதினாறு விநாடி. நான்கு நிமிடப் பாடல் 120 சுற்று. எல்லாக் கருவிகளும் உள்ள அந்த எட்டுச் சுற்றை நான்கு நிமிட நீளத்துக்கும் படியெடுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வோர் எட்டுச் சுற்றிலும் எதை நீக்குவது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். நீக்கி நீக்கித்தான் பாடல் உருவாகும். இரண்டு வாரத்துக்கு ஒரு பாடலை, குறைகளோடு இருந்தாலும், முடித்துக் கோப்பாக வெளியே எடுங்கள்.

கலவை

மொத்த ஒலியைக் காட்டும் மாஸ்டர் அளவி -6 டெசிபலைத் தாண்டாதபடி எல்லாக் கருவிகளின் தடங்களையும் தாழ்த்தி வைத்துத் தொடங்குங்கள். கிக்கும் பேஸும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். கிக்குக்கு 50 முதல் 60 ஹெர்ட்ஸ் என்றால் பேஸின் கனத்தை 90க்கு மேலே வையுங்கள், அல்லது கிக் விழும்போதெல்லாம் பேஸ் தணியும்படி சைடுசெயின் கம்ப்ரெஸ்ஸரை இணையுங்கள். எதிரொலியைத் தாளத்தோடு பொருத்த 60,000ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு துடிப்பின் நீளம் மில்லிவிநாடியில் வரும். 120க்கு அது 500, அதில் முக்கால் 375.

நம் பக்கத்துக்குரிய சோதனை ஒன்று உண்டு. திருவிழாக்களில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி, சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஏறக்குறைய ஒலிப்பதே இல்லை. நீங்கள் 55 ஹெர்ட்ஸில் வைத்த தூய சைன் பேஸ் அங்கே முற்றிலும் மறைந்துவிடும். அதே பேஸுக்குச் சிறிது சாச்சுரேஷன் (அலையை இலேசாக நெரிக்கும் வசதி) கொடுத்தால் 110, 165, 220 என்று மேலே 330, 385, 440 வரை மடங்கு அதிர்வுகள் பிறக்கும். அடிச்சுரம் ஒலிக்காவிட்டாலும் அந்த மடங்குகளின் இடைவெளியிலிருந்து காது அதை ஊகித்துக்கொள்ளும். ஆகவே மாஸ்டரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஈக்யூ ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு, ஒலியை இரு பக்கமும் ஒன்றேயான மோனோவாகவும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் தாளமும் பேஸும் புரிந்தால் கலவை உறுதியானது. முடித்ததை 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். ஸ்பாட்டிஃபை ஏறக்குறைய -14 லஃப்ஸ் என்ற உரப்பு அளவுக்குச் சமன் செய்துவிடுவதால், உரக்கக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒலியை நசுக்குவதில் பயனில்லை.

காதையும் காத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிறது.

மேடை

ஏபில்டன் லைவின் செஷன் வியூவில் ஒவ்வொரு தடமும் ஒரு நெடுவரிசை, ஒவ்வொரு கட்டமும் ஒரு கிளிப், ஒரு கிடைவரிசை முழுவதும் சேர்ந்தால் ஒரு சீன். கிளிப் தொடங்கும் குவான்டைஸ் அளவை ஒரு சுற்று என்று வைத்தால், நீங்கள் சற்று முன்னதாக அழுத்தினாலும் அடுத்த சுற்றின் தொடக்கத்தில்தான் அது ஒலிக்கத் தொடங்கும். முடித்த பாடல்களைக் கிக், மற்றத் தாளம், பேஸ், மெட்டு, ஊரில் பதிவு செய்த ஒலிகள் என ஐந்தாறு தடங்களாக எடுத்து இங்கே அடுக்குங்கள். எல்லாவற்றையும் முன்பதிவாக ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தால் அது நிகழ்த்துதல் ஆகாது. குறைந்தது ஒரு தடத்தையாவது உங்கள் கையே வாசிக்கட்டும். இரண்டு குமிழ்களையாவது, ஒன்று ஃபில்டருக்கும் மற்றது எதிரொலிக்கும் என, மிடி கருவியில் இணைத்துப் பழகுங்கள்.

நிகழ்ச்சியின் வரிசைக்கு வில்லுப்பாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று அவையை மெல்லத் தயார்படுத்திய பிறகே கதைக்கூறு வருகிறது. வாழி பாடி முடிகிறது. நாற்பது நிமிட நிகழ்ச்சியில் முதல் ஆறு நிமிடங்களைக் கிக் இல்லாமல், வெறும் ஒலிச்சூழலாலும் மணிகளாலும் நடத்திப் பாருங்கள். கிக் வரும்போது கூட்டம் அதற்காகக் காத்திருக்கும்.

நடைமுறை ஏற்பாடுகளில் கவனம் மிக வேண்டும். இடத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், மைக் செட் அண்ணாச்சியிடம் அவருடைய மிக்ஸர் எந்த வகைப் பிளக்கை ஏற்கும், ஒலி மோனோவா ஸ்டீரியோவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மைதானத்தில் அவருடைய பெட்டிகள் எப்படி ஒலிக்கும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சார்ஜர் இணைந்திருக்கும்போது ம்ம்ம் என்ற முனகல் கேட்டால், கணினிக்கும் மிக்ஸருக்கும் இடையே இணைக்கும் டிஐ பெட்டியின் கிரவுண்டு லிஃப்ட் பொத்தான் பெரும்பாலும் அதைத் தீர்க்கும். எர்த் கம்பியை மட்டும் ஒருபோதும் பிடுங்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. ஜெனரேட்டருக்கு மாறும் கணத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும் என்பதால், மடிக்கணினியின் பேட்டரி முழுமையாக இருக்க வேண்டும். யூஎஸ்பி மின்சாரத்தில் இயங்கும் இன்டர்ஃபேஸாக இருந்தால் அதுவும் தப்பிக்கும். கத்திரி வெயிலில் பந்தலுக்குள்ளும் கணினி கொதித்துத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கனமான சிந்தசைசர் தடங்களை முன்கூட்டியே ஃப்ரீஸ் செய்து (ஆயத்த ஒலிப்பதிவாக மாற்றி), கணினியைக் காற்றோட்டமுள்ள மேசையில் வெயில் படாமல் வையுங்கள். வைஃபையையும் அறிவிப்புகளையும் அணையுங்கள். முழு நிகழ்ச்சியின் ஒரு பதிவைக் கைப்பேசியில் வைத்து, அதற்கான கம்பியையும் பையில் வைத்திருங்கள்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்துவழி அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் அதற்கு இடமில்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். அனுமதிக் கடிதத்தின் நகல் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

நிகழ்ச்சி முழுவதையும் லைவின் அரேஞ்ச்மென்ட் வியூவில் பதிவாகும்படி, தொடங்கும்போதே பதிவுப் பொத்தானை அழுத்திவிடுங்கள். ஒவ்வொரு கிளிப்பும் குமிழின் ஒவ்வோர் அசைவும் அதில் பதியும். மறுநாள் அதை ஹெட்போனில் கேட்டு, எந்த மாற்றம் தாமதமாக வந்தது, எந்த ஒலி மற்றொன்றை மூடியது என்று நேரத்தோடு குறித்து, அடுத்த நிகழ்ச்சிக்கான கோப்பை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்குங்கள். குடமோ மகுடமோ வாசித்துத் தந்த கலைஞருக்குப் பேசிய ஊதியத்தைச் செலுத்தும்போது, அந்தப் பதிவின் ஒரு படியையும் கொடுத்து, அவருடைய ஒலி உங்கள் கையில் என்னவாக மாறியிருக்கிறது என்பதைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.